ஜென்செட்டுக்கு எந்த ஆயில்? சேலத்து வெயிலும் ஏற்காட்டுப் பனியும்

சேலத்தில் எந்த ஆயில் கடைக்குப் போய் "அண்ணே, ஜென்செட்டுக்கு ஆயில் வேணும்" என்றாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "பெட்ரோலா, டீசலாங்க?" பெட்ரோல் என்று சொல்லி முடிப்பதற்குள் பைக்குக்கு விற்கும் கேன் ஒன்று மேசைமேல் வந்து உட்கார்ந்துவிடும். கூடவே ஆலோசனையும் உண்டு: "நம்மூரு வெயிலுக்குக் கெட்டி ஆயிலா ஊத்துங்க, அப்பத்தான் தாங்கும்." ஏற்காட்டுக்குப் போனால் பேச்சு தலைகீழ். "மேல குளிருங்க, மெல்லிசா ஊத்துனாத்தான் ஸ்டார்ட் ஆவும்" என்பார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மட்டும் நம்புவதால்தான் நல்ல ஜென்செட்டுகள் சீக்கிரமே பட்டறைக்கு வந்து சேர்கின்றன.

இங்கே பேசப்போவது கையால் தூக்கவோ சக்கரம் வைத்து இழுக்கவோ முடிகிற பெட்ரோல் ஜெனரேட்டரைப் பற்றி மட்டும். பந்தல் லைட், சவுண்ட் சர்வீஸ், துணிக்கடை, வீடு, மலைமேல் இருக்கும் ரிசார்ட் என்று எல்லா இடத்திலும் இருப்பது இதுதான். கல்யாண மண்டபத்துக் கொல்லையில் கூண்டுக்குள் நிற்கும் பெரிய டீசல் செட்டுக்குக் கணக்கு வேறு. அதை இதில் கலக்கவில்லை.

ஆயில் உள்ளே போய் என்ன செய்கிறது

உராய்வைக் குறைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இரும்பும் இரும்பும் நேராக உரசாதபடி நடுவில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அதோடு இன்னும் மூன்று வேலைகள் அதற்கு உண்டு. பிஸ்டனின் அடிப்பக்கத்துச் சூட்டை வாங்கி எஞ்சினின் வெளிச்சுவருக்குக் கொண்டு சேர்க்கிறது. எரிந்த கரி, உள்ளே புகுந்த தூசி, தேய்ந்த இரும்புத்தூள் எல்லாவற்றையும் தன்னோடு சுமந்துகொள்கிறது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் நூலிழை இடைவெளியை அடைத்து, எரியும் வாயு கீழே கசியாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆயில் கறுத்துப்போனால் "கெட்டுப்போச்சு" என்று பதறுகிறார்களே, அது இந்த அழுக்கைச் சுமக்கும் வேலையின் அடையாளம். கரியைச் சுவரில் படியவிடாமல் ஆயில் தூக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். நூறு மணி நேரம் ஓடிய பிறகும் தேன் நிறத்திலேயே இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பைக் எஞ்சின் மாதிரிதானே என்றால், இல்லை

150, 200 சிசி எஞ்சின் என்றதும் பைக்கோடு ஒப்பிடுவது சுலபம். ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் ஆயிலின் பிழைப்பு இரண்டிலும் வேறு வேறு.

பைக்கில் ஆயிலை அழுத்தி மேலே அனுப்ப ஒரு பம்ப் இருக்கும். சாதாரண போர்ட்டபிள் ஜென்செட்டில் பம்ப் கிடையாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில், கரண்டிக் காம்பு மாதிரி ஒரு சின்ன உலோக நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் சுற்றும்போது அது அடியில் தேங்கி நிற்கும் ஆயிலை அடித்து அடித்துத் தெறிக்க விடுகிறது. அந்தத் துளியும் புகைபோல எழும் ஆயில் மூட்டமும்தான் பேரிங், கேம், சிலிண்டர் சுவர் எல்லாவற்றையும் நனைக்கின்றன. இதற்குத் தெறிப்பு முறை என்று பெயர். மெக்கானிக்குகள் ஸ்பிளாஷ் என்பார்கள்.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதற்கு ஈடுகொடுக்க இந்த எஞ்சின்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகின்றன, அதாவது நொடிக்கு 50. ஆக அந்த நாக்கு நொடிக்கு 50 தடவை ஆயிலை அடிக்கிறது. ஒரு டியூப்லைட் எரிந்தாலும் முழு பந்தலே எரிந்தாலும் இதே வேகம்தான். (இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் மட்டும் லோடுக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்.) பைக்கைக் காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுக் கிளம்பலாம். ஜென்செட்டில் கயிற்றை இழுத்து அது பிடித்த அடுத்த நொடியே ஓட்டம் 3000-க்குப் போய்விடும். ஆயில் எல்லா மூலைக்கும் போய்ச் சேர அவகாசமே இல்லை.

இன்னொன்று, ஆயில் ஃபில்டர். பெரும்பாலான சின்ன ஜென்செட்டுகளில் அது இல்லவே இல்லை. உள்ளே சேர்ந்த கரியும் தூளும் நீங்கள் ஆயிலை இறக்கும் நாள்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். இருக்கும் ஆயிலும் கொஞ்சம்தான்: 160, 200 சிசி எஞ்சின்களில் சுமார் 600 மில்லி, 390 சிசி எஞ்சினில் 1 லிட்டருக்குச் சற்று மேல். அந்தக் கொஞ்சத்தைக் குளிர்விக்க ரேடியேட்டரும் கிடையாது, ஓடும் வண்டியின் எதிர்க்காற்றும் கிடையாது. ஃபிளைவீலில் இருக்கும் விசிறி ஊதும் காற்றுதான் எல்லாம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: ஜென்செட்டில் ஆயில் கொஞ்சம், சூடு அதிகம், ஃபில்டர் இல்லை, பம்ப் இல்லை. இனி வரும் எல்லா முடிவும் இந்த நாலிலிருந்துதான் பிறக்கிறது.

கேனில் இருக்கும் இரண்டு எண்கள்

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வெல்லம் அனுப்புகிறவர்களைக் கேட்டால் பாகு பதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கொதிக்கும்போது பாகு தண்ணீர் மாதிரி ஓடும். ஆறினால் கரண்டியே நகராது. பொருள் ஒன்றுதான், சூட்டைப் பொறுத்து ஓட்டம் மாறுகிறது. ஆயிலும் அப்படியே. ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதைப் பாகுத்தன்மை என்கிறார்கள். கடைக்காரர் "கெட்டி", "மெல்லிசு" என்று சொல்வது இதைத்தான். ஆனால் எந்தச் சூட்டில் கெட்டி என்று சொல்லாமல் வெறுமனே கெட்டி என்றால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது.

அந்த மீதித் தகவலைத்தான் கேனில் அச்சடித்திருக்கிறார்கள். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று இருப்பது எஸ்.ஏ.இ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த தரவரிசை. கிரேடு என்று சொல்வது இந்த எண்ணைத்தான்.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் கடுங்குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் குறிக்கிறது. சின்ன எண் என்றால் குளிரிலும் சுலபமாக நகரும். பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி செல்சியஸில், அதாவது எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடும்போது, ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. பெரிய எண் என்றால் சூட்டிலும் படலம் தடிமனாக நிற்கும்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 10டபிள்யூ-30 என்றால் குளிரில் 10 அளவு மெல்லிசு, சூட்டில் 30 அளவு கெட்டி, ஆகவே சூடேறினால் ஆயில் கெட்டியாகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். எந்த ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும். இரண்டு எண்களும் இரண்டு தனி அளவுகோல்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கவோ கூட்டவோ கூடாது. குளிரில் 10டபிள்யூ ஆயில் அளவுக்கு ஓடும், சூட்டில் 30 ஆயில் அளவுக்குத் தாங்கும் என்பதுதான் அதன் பொருள்.

ஒரே ஆயில் இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுப்பது எப்படி? அதில் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். குளிரில் அவை சுருண்டு கிடக்கும், ஓட்டத்தைத் தடுக்காது. சூடேறும்போது விரிந்து, ஆயில் ஒரேயடியாக இளகிவிடாமல் பிடித்துக்கொள்ளும். இப்படிச் செய்த ஆயிலுக்கு மல்டிகிரேடு என்று பெயர். வெறும் 30 அல்லது 40 என்று ஒரே எண் போட்டிருந்தால் சிங்கிள் கிரேடு. அந்தச் சங்கிலிகள் ஓட ஓட அறுபடும். மல்டிகிரேடு ஆயில் மணிக்கணக்கு ஏற ஏற மெலிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெட்டிதான் நல்லதா

20டபிள்யூ-50 ஆயிலை 10டபிள்யூ-30 ஆயிலோடு 40 டிகிரியில் வைத்துப் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். 40 டிகிரி என்பது ஏதோ ஆய்வகச் சூடு இல்லை. சேலத்தில் சித்திரை மாத மத்தியானம், நிழலில் நிற்கும் எஞ்சினே அந்தச் சூட்டில்தான் இருக்கும். பம்ப் உள்ள எஞ்சினில் கெட்டி ஆயிலையும் எப்படியோ தள்ளிவிடலாம். தெறிப்பு முறையில் அது நடக்காது. நாக்கு கெட்டி ஆயிலை வெட்டிக்கொண்டு போகும். வெட்டிய பள்ளம் நிரம்புவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். மூட்டம் குறையும், மேலே வால்வுப் பக்கம் நனைவது தாமதமாகும். கயிறு இழுக்கவும் கூடுதல் பலம் வேண்டும்.

மெல்லிசு தப்பில்லையா என்றால், அதற்கும் எல்லை உண்டு. காற்றில் குளிரும் எஞ்சின் முழு லோடில் கோடையில் ஓடும்போது உள்ளே ஆயில் 100 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது படலம் மெலிந்து, ரிங்கைத் தாண்டி மேலே ஏறி எரிந்துபோகும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் கையேடுகளில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்: 27 டிகிரிக்கு மேல் 10டபிள்யூ-30 ஊற்றினால் ஆயில் செலவு கூடலாம், அடிக்கடி அளவு பாருங்கள் என்று. ஊற்றாதே என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அளவு பார் என்கிறார்கள்.

சுருக்கமாக: கெட்டியாக இருந்தால் போய்ச் சேராது, மெல்லிசாக இருந்தால் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் எது என்பதைக் கம்பெனியே ஓர் அட்டவணையாகக் கையேட்டில் போட்டிருக்கும். வெளிக்காற்றின் டிகிரி ஒரு பக்கம், கிரேடு ஒரு பக்கம். கையேடு தொலைந்துபோயிருந்தால் மாடல் எண்ணைப் போட்டு இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும்.

எஸ், சி, ஜாசோ: இந்த எழுத்துகள் எதற்கு

கிரேடு ஓட்டத்தை மட்டும் சொல்கிறது. ஆயிலில் கலந்திருக்கும் மருந்துகளின் தரத்தை வேறு முத்திரை சொல்கிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ முத்திரையில் எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. அடுத்த எழுத்து அகர வரிசையில் முன்னேற முன்னேறப் புதிய தரம். எஸ்எல் 2001-இல் வந்தது, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. கையேட்டில் "எஸ்ஜே அல்லது அதற்கு மேல்" என்று இருந்தால் இவற்றில் எதுவும் ஆகும். எஸ்எல் போதும் என்ற இடத்தில் எஸ்பி தேடி அலைய வேண்டியதில்லை.

பைக் ஆயில் கேனில் கூடுதலாக ஜாசோ எம்ஏ என்று இருக்கும். அது ஜப்பானியத் தரம். பைக்கின் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பதால் அது வழுக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக வந்தது. ஜென்செட்டில் கிளட்ச்சே இல்லை. ஆகவே இந்த முத்திரை இருந்தாலும் பாதகமில்லை, இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பைக் ஆயில் 10டபிள்யூ-30, எஸ்எல் அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் எல்லா பைக் ஆயிலும் 10டபிள்யூ-30 இல்லை. 20டபிள்யூ-50 கேட்கும் பைக்குகளும் உண்டு. கேன் ஒரே மாதிரி இருக்கும். எண்ணைப் பாருங்கள், படத்தைப் பார்க்காதீர்கள்.

கிணற்று டீசல் எஞ்சினுக்கு ஊற்றும் சிங்கிள் கிரேடு 40 வீட்டில் மீந்திருக்கிறது, அதை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முத்திரையில் சி மட்டும்தான் இருக்கிறது என்றால் வேண்டாம். எஸ், சி இரண்டும் போட்டிருந்தால் பிறகு கிரேடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

டூ-ஸ்ட்ரோக் (2டி) ஆயில் என்பது முற்றிலும் வேறு. பெட்ரோலோடு கலந்து எரிந்துபோவதற்கென்றே செய்தது. தள்ளுவண்டிக் கடைகளில் பார்க்கும் சில குட்டி ஜெனரேட்டர்கள் டூ-ஸ்ட்ரோக். அவற்றில் ஆயில் தொட்டியே இருக்காது, டாங்கில் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். நாம் பேசும் மற்ற ஜென்செட்டுகள் ஃபோர்-ஸ்ட்ரோக்; அவற்றின் எஞ்சினுக்குள் 2டி ஆயிலை ஊற்றினால் பேரிங் தாங்காது.

சிந்தெடிக் வாங்கலாமா? பணம் இருந்தால் வாங்கலாம். அதே கிரேடில் சிந்தெடிக் ஆயில் சூட்டையும் குளிரையும் கூடுதலாகத் தாங்கும், அது உண்மை. ஆனால் விலை கூட என்பதற்காக இரண்டு மடங்கு நாள் ஓட்டலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஃபில்டர் இல்லாத எஞ்சினில் சிந்தெடிக்கும் அதே அழுக்கைத்தான் சுமக்கும்.

கீழே சேலத்தில்

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர். இங்கே ஆயிலுக்கு எதிரி சூடு. ஆயில் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜன் ஏறிக் கெட்டுப்போகும் வேகம், சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது மசகுத் துறையில் புழங்கும் பொதுக் கணக்கு.

வருஷம் முழுக்க 10டபிள்யூ-30 போதும் என்பதே என் கருத்து, ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும் முன்பும் அளவு பார்க்க வேண்டும். பங்குனி தொடங்கி வைகாசி வரை, மணிக்கணக்கில், முக்கால் லோடுக்கு மேல் ஓட்டுபவர்கள் 10டபிள்யூ-40-க்கோ சிங்கிள் கிரேடு 30-க்கோ போகலாம், கையேட்டு அட்டவணை அனுமதித்தால். 20டபிள்யூ-50-ஐ நான் கடைசியில்தான் வைப்பேன். அதை ஊற்றி எஞ்சின் சத்தம் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தேய்ந்த எஞ்சினில் கெட்டி ஆயில் சத்தத்தை மூடும், தேய்மானத்தை மூடாது.

ஆயிலை மாற்றுவதைவிடச் சூட்டைக் குறைப்பது மலிவு. கடைக்குப் பின்னால் சந்தில், மூன்று பக்கமும் சுவர், மேலே தகரம் என்று அடைத்து வைத்தால் விசிறி தான் வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப உள்ளே இழுக்கும். அதற்கு எந்த கிரேடும் மருந்தில்லை. அடைத்த இடத்தில் ஓட்டினால் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும் என்பது தனிக்கதை. ஜென்செட் எப்போதும் வெட்டவெளியில், ஜன்னலை விட்டு விலகித்தான் ஓட வேண்டும்.

தூசியும் சேலத்தில் உண்டு. ஏர் ஃபில்டர் அடைத்தாலோ கிழிந்தாலோ அந்தத் தூசி ஆயிலில்தான் போய்ச் சேரும்.

மேலே ஏற்காட்டில்

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் உயரம் சுமார் 1500 மீட்டர். மார்கழி, தை இரவுகளில் 13 டிகிரி அளவுக்கு இறங்கும். குளிர்தான், ஆனால் ஆயில் உறையும் குளிர் இல்லை. 10டபிள்யூ ஆயிலை எஞ்சின் சுற்றும் சோதனைக்கு வைப்பது பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில். 20டபிள்யூ ஆயிலைக்கூடப் பூஜ்யத்துக்குக் கீழே 15-இல் சோதிக்கிறார்கள். ஏற்காடு பூஜ்யத்தையே பார்ப்பதில்லை. ஆகவே 0டபிள்யூ, 5டபிள்யூ என்று தேடிக் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை. 10டபிள்யூ-30 இந்தக் குளிருக்குத் தாராளம். விடியற்காலையில் கயிறு இழுக்க முடியவில்லை என்றால் யாரோ கீழிருந்து 20டபிள்யூ-50 வாங்கி வந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

மலையில் ஆயிலைக் கெடுப்பது குளிரைவிட ஈரமும் பெட்ரோலும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

ஈரத்தை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஆவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் ரிங் வழியாகக் கீழே இறங்கும். எஞ்சின் அரை மணி, முக்கால் மணி நேரம் லோடோடு ஓடினால் ஆயில் சூடேறி அந்த ஈரம் ஆவியாக வெளியேறிவிடும். மலையில் என்ன நடக்கிறது? கரண்ட் போகிறது, ஜென்செட் போடுகிறார்கள், பத்து நிமிடத்தில் கரண்ட் வருகிறது, நிறுத்துகிறார்கள். எஞ்சின் சூடேறவே இல்லை. பனி மூட்டத்தில் ஆறும்போது உள்ளே இருந்த ஆவி சுவரில் வேர்த்து ஆயிலில் சொட்டுகிறது. இப்படியே சில மாதம் போனால், ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்: வெண்ணெய் திரண்டது மாதிரி வெளுத்த மஞ்சளில் ஒரு கூழ் அப்பியிருக்கும். ஆயிலும் தண்ணீரும் கடைந்துபோன கூழ் அது. எவ்வளவு உசத்தியான ஆயில் ஊற்றினாலும் இது வரும். ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுங்கள்; அதன் பிறகு மாதம் ஒரு தடவையாவது ஹீட்டரோ கெட்டிலோ போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுங்கள்.

அடுத்தது பெட்ரோல். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர் விடும் பெட்ரோல் அளவு மட்டும் மாறாது. கலவையில் பெட்ரோல் கூடிப்போகும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கி அதை இளக்கும். ஹோண்டா கையேடுகளில் 1500 மீட்டருக்கு மேல் எப்போதும் ஓட்டுவதாக இருந்தால் கார்புரேட்டரை மாற்றி அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்காடு அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 300 மீட்டருக்குச் சுமார் 3.5 சதவீதம் வீதம் சக்தியும் குறையும். 2000 வாட் என்று எழுதியிருக்கும் மெஷின் மேலே 1650 வாட் பக்கம்தான் தரும். அதை மறந்து முழு லோடு போட்டால் குளிர்ந்த ஊரிலும் எஞ்சின் கொதிக்கும்.

இன்னும் ஒன்று, சவுண்ட் சர்வீஸ் தம்பிகளுக்காக. மே மாதக் கோடை விழாவுக்கோ எஸ்டேட் கல்யாணத்துக்கோ ஜென்செட்டை மினி வேனில் ஏற்றிப் போகும்போது பெட்ரோல் காக்கை மூடிவிட்டீர்களா? திறந்திருந்தால், வளைவுக்கு வளைவு கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைத்து நிறுத்தும் மிதவை ஆடி ஆடி, பெட்ரோல் கார்புரேட்டரைத் தாண்டி சிலிண்டருக்குள் இறங்கி ஆயில் தொட்டிக்கே போய்விடும். மேலே போய், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் தானாகக் கூடியிருக்கும். ஆயில் எங்கேயும் தானாகக் கூடாது. முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது; முழுக்க இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றித்தான் கயிற்றைத் தொட வேண்டும். இறக்கிய மெஷினைச் சரிவில் வைக்காமல் இருப்பதும் முக்கியம். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆயில் அந்தப் பக்கம் ஒதுங்கும், நாக்கு வெறும் காற்றை அடிக்கும். ஆயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் இருந்தால் அது மெஷினை அணைத்துவிடும். "சென்சார் சதி பண்ணுது" என்று அதன் ஒயரைக் கழற்றி விடுகிற மெக்கானிக்கிடம் அடுத்த தடவை போகாதீர்கள்.

ஆக, இரண்டு ஊருக்கும் கிரேடு பெரும்பாலும் ஒன்றே. ஆயில் கெடும் விதம்தான் வேறு: கீழே வெந்து கெடுகிறது, மேலே வேகாமல் கெடுகிறது.

எப்போது மாற்றுவது

ஆயில் விஷயத்தில் எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதைவிடப் பெரிய கேள்வி இதுதான். சின்ன ஹோண்டா எஞ்சின்களுக்குக் கையேடு சொல்வது: புது மெஷினில் முதல் 20 மணி நேரம் அல்லது ஒரு மாதம், பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. முதல் தடவை சீக்கிரம் மாற்றச் சொல்வதற்குக் காரணம், புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் இரும்புத்தூள். பிடித்து வைக்க ஃபில்டர் இல்லையே.

நூறு மணி என்றால் நிறைய என்று தோன்றும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் சீரியல் செட்டுக்குப் போகும் ஜென்செட் இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினால், பதின்மூன்றாவது இரவில் நூறைத் தாண்டிவிடும். பைக்கை 40 கிலோமீட்டர் வேகத்தில் நூறு மணி நேரம் ஓட்டினால் 4000 கிலோமீட்டர். எந்த பைக்குக்காரரும் அதற்குள் ஆயிலை நினைத்துப் பார்த்திருப்பார். மணி மீட்டர் இல்லாத மெஷினில் ஒரு பழைய டைரியைக் கட்டித் தொங்கவிடுவதுதான் வழி. மலைமேல் இருக்கும் மெஷின் வருஷம் முழுக்க ஓடினாலும் நூறு மணியைத் தொடாமல் போகலாம். அதற்கு ஆறு மாதக் கணக்கு. "ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்விக்குப் பதில் அந்த மூடியின் அடியில் இருக்கிறது.

எவ்வளவு ஊற்றுவது

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால் அழுக்கும் சேர்ந்து வரும். அடி போல்ட்டைக் கழற்றி, முழுக்க வடியவிட்டு, வாஷர் நசுங்கியிருந்தால் புதுசு போட்டு இறுக்குங்கள். பிறகு சமதரையில் வைத்துதான் ஊற்ற வேண்டும். பெரும்பாலான மாடல்களில் ஊற்றும் வாயின் கீழ் விளிம்பைத் தொட்டால் முழு அளவு. டிப்ஸ்டிக்கால் பார்க்கும்போது ஹோண்டா வகை எஞ்சின்களில் மூடியைத் திருகாமல் சும்மா செருகிப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டி ஏமாற்றும்.

பைக் ஆயில் 900 மில்லி கேனாக வரும். மெஷின் கேட்பது 600. மீதியை வீணாக்குவானேன் என்று அதையும் கவிழ்த்துவிடுவது நம்மூர்ச் சிக்கனம். அளவுக்கு மேல் போனால் ஆயில் நுரைத்து, மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய், வெள்ளையும் நீலமுமாகப் புகை வரும். ரிங் போய்விட்டது என்று எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் ஆட்களும் உண்டு. முதலில் அளவைச் சரிபாருங்கள். மீந்த 300 மில்லி, அடுத்த வாரங்களில் குறைவதை நிரப்ப உதவும்.

இறக்கிய ஆயிலை என்ன செய்வது

பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. சாக்கடையில் விட்டால் சேலத்தில் அது திருமணிமுத்தாற்றுக்குப் போகும். அந்த ஆறு சேர்வராயன் மலையில்தான் பிறக்கிறது, ஆகவே மேலே காபித் தோட்டத்து ஓடையில் ஊற்றினாலும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயிலை முறைப்படி எடுக்கும் ஆளிடம் கொடுக்கும் பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள். காலியான புதுக் கேனை மட்டும் எடைக்குப் போடும் முன் கத்தியால் ஒரு கிழி கிழித்துவிடுங்கள். மூடியோடு நல்லபடியாக இருக்கும் காலிக் கேனுக்குத்தான் கலப்பட ஆயில் அடைப்பவர்களிடம் விலை.